பொய்க்கு ஒரு தடுப்பூசி

தூத்துக்குடி முத்துத்துறை கடலுணவு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது கன்டெய்னர் எறால் அழுகிப்போனதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடக் கடிதம்.

பேக்கிங் பிரிவில் விக்டோரியா என்றொருத்தி வேலை பார்த்தாள். அவள் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. பையன் மாடிப்படியில் விழுந்துவிட்டான், எக்ஸ்ரே இணைத்திருக்கிறோம் என்று தலைமையாசிரியர் பெயரில் எழுதியிருந்தது. எந்தத் தாய் திறக்காமல் இருப்பாள்? திறந்தாள். அரை மணி நேரத்தில் கம்பெனியின் நூற்று நாற்பது கணினிகளும் பூட்டிக்கொண்டன. குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்வதும் கணினிதான். இயந்திர அறை சுடலைமுத்து மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் கையால் வால்வுகளைத் திருகித் திருகி நான்கு அறைகளைக் காப்பாற்றினார். இரண்டு அறைகள் போய்விட்டன. எறால் உரிக்கும் ஷெட்டில் அறுநூறு பெண்களுக்கு ஐந்து வாரம் வேலை இல்லை. விக்டோரியாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கணினிப் பிரிவின் தலைவி ஜெனோவாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. வைரஸை உள்ளே விட்ட அந்தப் பழைய ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

"இந்தத் தடவையும் நீயேதான் பாத்து எடுக்கணும்" என்றார் முதலாளி சேவியர் மிராண்டா. "ஆனா ஒண்ணு, ஜெனோவா. இன்னொருக்கா இப்படி நடந்தா வெளிநாட்டுக்காரன் நம்ம பக்கம் தலவச்சும் படுக்கமாட்டான்."

மென்பொருள் விற்க மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் உலகத்தில் உள்ள வைரஸ்களின் பட்டியலே தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பட்டியலில் இல்லாத வைரஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஜெனோவா கேட்டாள். மறுநாளே பட்டியலில் சேர்த்துவிடுவோம் என்றார். இரண்டாமவரின் மென்பொருள் கணினியில் நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எங்கேயோ அனுப்பி ஆராயும். எங்கே என்று கேட்டதற்கு மனிதர் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவதாக வந்தவன் சென்னையிலிருந்து வந்த நிவேதன். முப்பது வயதிருக்கும். மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.

"மேடம், உங்க கம்ப்யூட்டருக்கு என்ன வந்துச்சு?"

"வைரஸ்."

"கம்ப்யூட்டருக்கு வரல. விக்டோரியாவுக்கு வந்துச்சு. திருடன் பூட்ட உடைக்கல, உள்ள இருந்தவங்களே கதவத் தொறந்து விட்டாங்க. நீங்க என்னடான்னா இன்னும் பெரிய பூட்டாத் தேடிட்டிருக்கீங்க."

விக்டோரியாவின் பெயர் இவனுக்கு எப்படித் தெரிந்தது? ஜெனோவாவின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். "நீங்க அனுப்பின அறிக்கையில இருக்கே மேடம்." அவன் முன்னாலேயே அவள் அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"இந்தச் சந்தேகம் இருக்கே, அதத்தான் நாங்க விக்கிறோம்" என்றான் அவன். "தடுப்பூசி எப்படி வேலை செய்யுது? செத்த கிருமியக் கொஞ்சம் உடம்புல விட்டா உடம்பு பழகிக்குது. நாங்க செத்த பொய்ய விடுவோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமா, எல்லாருக்கும். ஏமாந்து திறந்தா ஒரு கெடுதலும் வராது. 'இது பயிற்சி'ன்னு மஞ்சளா ஒரு திரை வரும், அவ்வளவுதான். நாலு மாசத்துல உங்க ஆளுங்கள எந்தப் பொய்யும் அண்டாது."

"அந்தப் பொய்ய யாரு எழுதுவா?"

"திடமே எழுதும்." திடம் என்பதுதான் அவன் மென்பொருளின் பெயர். "யார் எதுக்கு மயங்குவாங்கன்னு மெயில், கம்பெனி போன் எல்லாத்தையும் படிச்சுத் தெரிஞ்சுக்கும். குரலும் போடும்."

"என் குரலுமா?"

"உங்க குரலும்தான். உங்களுக்கும் ஊசி விழும். நிர்வாகிய விட்டுவச்சா, திருடன் நிர்வாகி வழியா வருவான்."

"எது நீங்க விட்ட பொய், எது நெசம்னு எனக்காவது தெரியுமா?"

"தெரிஞ்சா ஊசி வேலை செய்யாது மேடம்."

திடம் வைத்திருக்கும் நான்கு கம்பெனிகளை ஜெனோவா போனில் அழைத்து விசாரித்தாள். நான்கு பேருமே வாயைத் திறப்பதற்கு முன், "நீங்க சொல்ற ஆள்தான் நீங்கன்னு எப்படி நம்புறது?" என்றார்கள். இருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள். சரக்கு நல்ல சரக்குதான் என்று அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பரில் திடம் வந்தது. முதல் மாதம் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் ஏமாந்தார்கள். கான்டீனில் அதுவே பேச்சாகக் கிடந்தது. "இன்னைக்கு எனக்கு ரெண்டு ஊசி விழுந்துட்டு", "எனக்கு எங்க மாமியா குரல்ல வந்துச்சுட்டி, நான் எந்திரிச்சு நின்னுட்டேன்." சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் ஏமாந்தவர்கள் இருபது பேர். டிசம்பரில் மூன்று.

அப்போது நிவேதன் ஒரு மாற்றம் கொண்டுவந்தான். இனி மஞ்சள் திரை வராது. மஞ்சள் வராவிட்டால் செய்தி உண்மை என்று ஆட்கள் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார்களாம். அதற்குப் பதிலாக எல்லோருடைய திரையிலும் 'சந்தேகம்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் செய்தி ஜெனோவாவிடம் வரும். விடலாமா, நிறுத்தலாமா என்பதை அவள் முடிவுசெய்வாள். அப்படி வந்தவற்றில் எத்தனை மறுக்கப்பட்டன என்ற கணக்கு மாதக் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று வரும். இதற்கு மேல் தினமும் காலையில் ஒரு சொல் எல்லோர் போனிலும் தோன்றும். அவசரமாகப் பேசுகிறவர் அன்றைய சொல்லைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மிராண்டாவின் கார் கெட்டுப்போய், அவர் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். மூடிய கேட்டுக்கு வெளியே நின்று போன் செய்தவருக்குச் சொல் மறந்துவிட்டது. காவலாளி பால்பாண்டி சொந்த முதலாளியை இருபது நிமிடம் வெயிலில் நிறுத்திவைத்தான். பயந்துகொண்டிருந்தவனுக்கு மறுநாள் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனோவாவும் தட்டினாள்.

ஆனால் கான்டீனில் பேச்சு குறைந்திருந்தது. பேக்கிங்கில் இருந்த அக்காவும் தங்கையும் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். நகை கேட்டு வந்த செய்தி தன்னுடையதல்ல என்று தங்கை சொன்னாளாம், அக்கா நம்பவில்லையாம். ஜெனோவாவுக்கே வீட்டில் கணவன் சட்டினியில் உப்பு கூட என்று சொன்னால்கூட, இவர் எதற்கு அடிபோடுகிறார் என்று மனம் ஒரு கணம் நின்று பார்த்தது. மாதக் கடைசிக் கணக்கு மட்டும் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கவே இல்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். ஜெனோவாவின் மேசைப் போன் அடித்தது. சுடலைமுத்துவின் குரல்.

"எம்மா, மெஷின் ரூம்ல அம்மோனியா கசியுது. வால்வு ஓரம் பிச்சுக்கிட்டு அடிக்கி. சைரனப் போடுங்க, ஷெட்டுல இருக்க பொம்பளையள வெளிய அனுப்புங்க."

சைரன் கணினியில் இணைக்கப்பட்டிருந்தது. யாராவது உள்ளே புகுந்து வீண் பீதி கிளப்பிவிடக் கூடாது என்று ஜெனோவாவின் ஒப்புதல் இல்லாமல் அது ஒலிக்காதபடி செய்திருந்தார்கள். அவளிடம்தான் ஒப்புதல் கேட்கிறது இந்தக் குரல். திருடன் என்றால் இதைத்தான் கேட்பான்.

"அண்ணாச்சி, இன்னைக்கிச் சொல் என்ன?"

"சொல்லா? என்ன சொல்லு... காலைல பாத்தேன்... எம்மா, கண்ணு எரியுதும்மா..."

இருமல். நெஞ்சைப் பிடுங்கும் இருமல். ஜெனோவாவின் கை ஒப்புதல் பொத்தான் வரைக்கும் போனது. இருமல் ரொம்பவும் தத்ரூபமாக இருக்கிறதே என்று தோன்றியது. அக்டோபரில் மிராண்டா குரலில் வந்த ஊசியிலும் இப்படித்தான் ஓர் இருமல் இருந்தது. அன்று அவள் ஏமாந்தாள். மஞ்சள் திரையைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரன் சிரித்தான்.

"அந்தச் சொல்லு என்னன்னு சொல்லுங்க அண்ணாச்சி, சைரன் போடுதேன்."

எதிர்முனையில் போன் எதன் மீதோ விழும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஜெனோவா 'சந்தேகம்' அழுத்தினாள். தானே நிறுத்தியும்விட்டாள்.

சுடலைமுத்து போனைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார். வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் ஒழுக, அந்த ஷிப்டில் முன்னூறு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த ஷெட்டுக்குள் போய் நின்றார். பேச முடியவில்லை. கையை மட்டும் வீசினார். எதிரில் நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சொல் கேட்கவில்லை. எல்லோரும் பின்வாசல் வழியாக ஓடினார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்ப இயந்திர அறைக்குள் போய் வால்வை மூடினார். மூடிவிட்டு வாசற்படியில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் ஜெனோவாவை உள்ளே விட்டார்கள். இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கண்ணிலும் கட்டுதான். அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"யாரு?"

"ஜெனோவா, அண்ணாச்சி."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பிக் காது கொடுத்தார். குரலை எடைபோடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டி அவர் விரலைத் தொட்டாள்.

"ஒக்காருங்கம்மா" என்றார். "உங்க மேல கோவம் இல்ல. ஒங்க எடத்துல நா இருந்தாலும் நம்பிருக்க மாட்டேன்."

"கேஸ் முகமூடி போட்டுட்டுப் போயிருக்கலாமே அண்ணாச்சி."

"அது பழசு, பட்டை அந்துபோயி ரொம்ப நாளாச்சு. புதுசு வந்திருக்கு, வந்து வாங்கிக்கிடுங்கன்னு போன மாசம் நீங்க போன்ல சொன்னியள்லா? ஊசின்னு நெனச்சி நா வரல."

"அது நாந்தான் அண்ணாச்சி."

"அப்படியா" என்றார் அவர்.

முகமூடி அவள் அலமாரியில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. ஆள் வாங்க வராததை அவள் அலட்சியம் என்று நினைத்திருந்தாள். அதை மேசை மேல் வைத்துக்கொண்டே சென்னைக்குப் போன் செய்தாள். நிவேதன் முதலில் அன்றைய சொல்லைக் கேட்டான். சொன்னாள்.

"சுடலைமுத்து அண்ணாச்சிக்கு ஏப்ரல்ல முகமூடி பத்தி ஊசி எதுவும் போட்டீங்களா?"

"உயிர் ஆபத்து விஷயத்துல நாங்க ஊசி போடுறதே இல்ல மேடம். ஒப்பந்தத்துலயே இருக்கு."

ஒப்பந்தத்தைப் படிக்காமல் அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த வரி அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வரியையும் அவள் நம்பியிருக்கவில்லை.

"அப்ப அந்த மாசம் வேற என்னென்ன ஊசி போட்டீங்க? பட்டியல் வேணும்."

"ஏப்ரல்ல ஒண்ணும் இல்ல."

"மார்ச்ல?"

"மேடம், ஜனவரி இருபத்தெட்டோட நிறுத்தியாச்சு. தொண்ணூத்தொன்பது வந்துட்டா திடம் தானா நிறுத்திக்கும். அதுக்கப்புறம் உங்க கம்பெனிக்கு ஒரே ஒரு பொய்கூட நாங்க அனுப்பல."

"மாசாமாசம் கணக்கு வருதே!"

"அது உங்க ஆளுங்க மறுத்த கணக்கு. ஊசி நின்னாலும் எதிர்ப்பு நிக்காது. நல்ல தடுப்பூசிக்கு அதுதானே அடையாளம்?"

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா எல்லாரும் அசந்துருவாங்க மேடம்." அவன் குரலில் குற்ற உணர்வு எதுவும் இல்லை. தான் செய்த வேலையைப் பற்றிய நிறைவுதான் இருந்தது.

ஜனவரி இருபத்தெட்டுக்குப் பிறகு மறுக்கப்பட்ட செய்திகளை அவள் திரையில் வரிசையாக வரவழைத்தாள். அவற்றில் வெளியிலிருந்து யாரோ ஏமாற்ற அனுப்பிய நிஜப் பொய்கள் ஆறு. அவற்றைத் தனியே ஒதுக்கினாள். மிச்சம் இருநூற்று முப்பத்தேழு. காய்ச்சல், விடுப்பு வேண்டும். ஐஸ் வண்டி மதுரை ரோட்டில் நின்றுவிட்டது. அம்மா, நான் பாஸாகிவிட்டேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரி: நிறுத்தியவர், ஜெனோவா. நிறுத்தியவர், ஜெனோவா.

எல்லாவற்றையும் அச்செடுத்து, தாள்களோடு மிராண்டாவின் அறைக்குப் போனாள். அவர் முழுக்கப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஜெனோவா, திடத்த எடுத்தா வெளிநாட்டுக்காரன் கேக்குற பாதுகாப்புச் சான்று போயிரும். நம்ம போட்டிக்காரனுக்கு இதவிட என்ன வேணும்?" தாளை விரலால் தட்டினார். "இது நெசமாவே திடத்துலருந்து வந்த பட்டியல்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒங்கிட்ட பேசுனது அந்த நிவேதன்தானா?"

கேட்டுவிட்டு அவரே சற்றுத் திகைத்தாற்போல இருந்தார்.

"தெரியாது சார்" என்றாள் அவள். "உரிக்கிற ஷெட்டுல அறுநூறு பேரு இருக்காங்க. போயி கேட்டாத் தெரிஞ்சிரும்."

அவர் எழுந்திருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எழுந்தார். இருவரும் காலில் பூட்சும் தலையில் உறையும் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார்கள். குளிர்ந்த தரை, எறால் ஓட்டின் வாடை, நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள். சுத்தம் கருதி அங்கே யார் கையிலும் போன் கிடையாது. வெளியிலிருந்து வரும் செய்தியெல்லாம் மேற்பார்வையாளரின் டேப்லெட்டுக்குத்தான் வரும். முதலாளியைக் கண்டதும் பேச்சு அடங்கியது. கத்திகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் தாளில், மார்ச் பன்னிரண்டு என்ற தேதியில் இருந்த பெயர் சகாயராணி. நான்காவது மேசையில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள். ஜெனோவா அவளை இதற்கு முன் பார்த்ததில்லை.

"சகாயராணி, ஒங்க வீட்டுக்காரரு பேரு அமலதாசா?"

"ஆமா."

"அவருக்குக் கடல்ல வள்ளத்துல அடிபட்டுச்சா?"

கத்தி நின்றது. அவள் ஜெனோவாவைப் பார்த்தாள், பிறகு முதலாளியைப் பார்த்தாள். எதற்காகக் கேட்கிறார்கள், வேலைக்கு ஏதும் வினை வருமா என்று அளப்பதுபோல. "பட்டுச்சு. மார்ச்சு மாசம்."

செய்தி உண்மைதான். ஜெனோவா திரும்பி மிராண்டாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது பேச வேண்டுமே என்று, "இப்ப எப்படிம்மா இருக்காரு?" என்றார்.

"செத்துட்டாரு சார்."

மேசையின் எதிர்ப்பக்கம் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதினோரு மணிக்குக் கரைக்குக் கொண்டாந்தாவ. உசுரு இருந்துச்சாம். மூணு மணி வரைக்கும் என்னையே கேட்டுக்கிட்டு இருந்தாராம்" என்றாள் சகாயராணி. அழவில்லை. பல பேருக்குப் பல தடவை சொல்லித் தேய்ந்துபோன குரல். "எனக்கு அஞ்சு மணிக்கு வெளிய போன பொறவுதான் தெரியும். எங் கொழுந்தன் கூடவேதான் இருந்தான். ஒரு வார்த்த சொல்லியனுப்பல, பாவி."

"அவரு சொல்லியனுப்பினாரு" என்றாள் ஜெனோவா.

தாளை நீட்டினாள். சகாயராணி ஈரக் கையால் வாங்காமல், குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'அமலதாஸ் அண்ணனுக்கு வள்ளத்துல அடி பலமா இருக்கு. பெரியாஸ்பத்திரியில் இருக்கோம். மைனி சகாயராணியை உடனே அனுப்புங்க.' பதினொன்று இருபதுக்கு ஒரு தடவை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒன்றரைக்கு ஒரு தடவை. மூன்று செய்திக்கும் கீழே அதே வரி, அதே பெயர்.

"இந்த ஜெனோவா யாரு?"

"நான்தான்."

சகாயராணி அவளைத் திட்டவில்லை. கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கண் அந்த மூன்று நேரங்களின் மேலேயே நின்றது.

"அனுப்புனேன் மைனி, மூணு மட்டம் அனுப்புனேன்னு மாதா மேல கைவச்சு சத்தியம் பண்ணுனான்" என்றாள் மெல்ல. "பொய் சொல்லுதாமுன்னு அடக்கத்துக்கே அவன உள்ள விடல நான். இன்னைக்கி வரைக்கும் அவன் மொகத்துல முழிக்கல."

கையுறைகளை உருவி மேசை மேல் போட்டாள். முந்தானையில் கைகளை அழுத்தி, திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு தாளை ஜெனோவாவிடமிருந்து வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வேலை நேரம் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருக்கும்போதே வாசலை நோக்கி நடந்தாள். மேற்பார்வையாளர் தடுக்க வாயெடுத்தார். மிராண்டா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஜெனோவா அடுத்த தாளை எடுத்தாள்.